மெயிலில் வந்த போன் படங்களைக் கணினியில் இறக்கி அடுக்குவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: பிள்ளைகளும் உறவினர்களும் போனிலிருந்து மெயிலில் அனுப்பிய படங்கள் பல வருடங்களாக ஜிமெயிலில் சேர்ந்து, இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வருகிறது. அவற்றை விண்டோஸ் கணினியில் இறக்கி வருட வாரியாக அடுக்கிவிட்டு, பழைய மெயில்களை அழிக்க நினைக்கிறீர்கள். கொஞ்சம் இறக்கிப் பார்த்தபோது பாதிக் கோப்புகளுக்கு ஒரே மாதிரிப் பெயர், எல்லாவற்றுக்கும் இன்றைய தேதி. இறக்கும் வழியைக் கேட்பது போலத் தெரிந்தாலும், எதைக் கையில் வைத்துக்கொண்டால் மெயிலைத் துணிந்து அழிக்கலாம் என்பதுதான் இதில் உண்மையான கேள்வி. படக் கோப்பு மட்டும் போதாது. யார் அனுப்பினார், என்றைக்கு அனுப்பினார், "இது பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள், பக்கத்தில் நிற்பது மாமாவின் சம்பந்தி" என்ற ஒற்றை வரி, இவையெல்லாம் மெயிலில்தான் இருக்கின்றன, படத்துக்குள் இல்லை. ஜிமெயிலில் இணைப்பை (அட்டாச்மென்ட்) மட்டும் நீக்கி எழுத்தை வைத்துக்கொள்ளும் வசதியும் கிடையாது. அழித்தால் முழு மெயிலும் போய்விடும். அதனால் முதலில் மெயில்களை முழுதாக ஒரு பிரதி எடுங்கள், பிறகு அதிலிருந்து படங்களைப் பிரியுங்கள், பிறகு அடுக்குங்கள். அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

மெயில்கள் நூறுக்குள் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து, இணைப்புகளுக்கு மேலே இருக்கும் "டவுன்லோட் ஆல்" குறியை அழுத்துவதே படங்களை இறக்கப் போதும், மெயில்களின் முழுப் பிரதிக்கு மட்டும் கீழே சொல்லும் டேக்அவுட் வழி வேண்டும். ஒரு மெயிலின் படங்கள் எல்லாம் ஒரே ஜிப் கோப்பாக வரும். இங்கே பலரும் செய்யும் தவறு, திரையில் தெரியும் படத்தின் மேல் வலது சொடுக்கிச் சேமிப்பது. அப்படிக் கிடைப்பது ஜிமெயில் திரைக்காகச் சிறிதாக்கி வைத்த நகலாக இருக்கலாம். பார்க்க நன்றாகவே இருக்கும், அளவும் உள்ளே இருந்த தகவல்களும் போயிருக்கும். எப்போதும் டவுன்லோட் குறி வழியாகவே இறக்குங்கள்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் கையால் செய்வது வீண் வேலை. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, தேடல் பெட்டியின் வலது முனையில் உள்ள வடிகட்டும் குறியை அழுத்துங்கள். இணைப்பு உள்ள மெயில்கள் என்ற கட்டத்தை டிக் செய்து, அனுப்பியவரின் முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரியும் மெயில்கள் மட்டும்தான் தேர்வாகும். அதற்குப் பிறகு, "இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு" என்ற பொருளில் ஒரு வரி தோன்றும், அதையும் அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி மெயிலை அழித்தால் அதோடு படங்களும் போகும். தேர்ந்தெடுத்தவற்றுக்கு "படங்கள்" என்று ஒரு லேபிள் போடுங்கள். அனுப்பியவர் ஒவ்வொருவருக்கும் இதேபோலத் தேடி, அதே லேபிளைப் போடுங்கள்.

அடுத்து கூகுள் டேக்அவுட், கூகுளில் உள்ள உங்கள் தகவல்களை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் சேவை. உள்ளே போனதும் எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டு, மெயிலை மட்டும் டிக் செய்து, அதிலும் "படங்கள்" லேபிளை மட்டும் தேர்ந்தெடுங்கள். தயாரானதும் இறக்குவதற்கான சுட்டி (லிங்க்) மெயிலில் வரும். அந்தச் சுட்டி சில நாள்களில் காலாவதியாகிவிடும், வந்ததும் இறக்கிவிடுங்கள். கிடைப்பது எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பு. லேபிளின் மெயில்கள் அத்தனையும், எழுத்து, தேதி, இணைப்பு எல்லாவற்றோடும், அதற்குள் இருக்கும். கோப்பின் அளவு படங்களின் மொத்த அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். மெயிலில் போகும் இணைப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. இந்தக் கோப்புதான் உங்கள் மூலப் பிரதி. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அதைத் தொடாதீர்கள். இனி என்ன குளறுபடி நடந்தாலும் இங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.

எம்பாக்ஸைத் திறக்க தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருள் வேண்டும், அதோடு இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற இலவசத் துணைநிரலும். தண்டர்பேர்டில் உங்கள் ஜிமெயில் கணக்கை இணைக்காதீர்கள், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. இணைத்துவிட்டால் தண்டர்பேர்டில் அழிப்பது ஜிமெயிலிலும் அழிந்துபோகும். அங்கே இணைப்பின் மேல் வரும் "டிடாச்" என்ற கட்டளையும் படத்தைச் சேமித்த கையோடு மெயிலிலிருந்து பிடுங்கிவிடும். "லோக்கல் ஃபோல்டர்ஸ்" மேல் வலது சொடுக்கி, துணைநிரல் வழியே எம்பாக்ஸைச் சேருங்கள். பிறகு அந்த ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கி, எல்லா மெயில்களையும் இணைப்புகளுடன் ஹெச்டிஎம்எல் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். ஒவ்வொரு மெயிலும் பிரௌசரில் திறக்கும் ஒரு பக்கமாகவும், படங்கள் தனி ஃபோல்டர்களிலும் கிடைக்கும். டி டிரைவின் மேல்மட்டத்திலேயே இரண்டு மூன்று எழுத்துப் பெயருள்ள ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஏற்றுமதி செய்யுங்கள். மெயில் தலைப்புகள் நீளமாக இருந்து, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போனால், விண்டோஸின் 260 எழுத்து வரம்பைத் தாண்டிச் சில கோப்புகள் எழுதப்படாமல் போகும்.

இத்தனை செய்தும் சில படங்கள் வராது. காரணம், அவை மெயிலில் இருந்ததே இல்லை. ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பியைத் தாண்டினால் அது தானாகவே கூகுள் டிரைவ் சுட்டியாக மாறிவிடும். படம் அனுப்பியவரின் டிரைவில் இருக்கும், அவர் அழித்தால் அதோடு சரி. ஐபோனிலிருந்து மெயில் டிராப் (பெரிய இணைப்பைச் சுட்டியாக அனுப்பும் ஆப்பிளின் வசதி) வழியாக வந்த பெரிய இணைப்புகளின் ஆயுள் 30 நாள்தான். பழைய மெயிலில் அந்தச் சுட்டி இப்போது வெறும் எழுத்து, அதை மீட்க வழியில்லை. கூகுள் போட்டோஸ் ஆல்பத்தைப் பகிர்ந்த மெயில்களும் இதே கதைதான். இவற்றைத் தனியாகத் தேடிப் பட்டியலிட்டு, அனுப்பியவரிடமே திரும்பக் கேளுங்கள். பழைய போனிலோ கணினியிலோ அவரிடம் இன்னும் இருக்கலாம். எதிர்ப்பக்கத்தில், படமே இல்லாத குப்பையும் நிறைய வரும். அலுவலக மெயில்களின் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் லோகோ, முகநூல் சின்னம் போன்றவை. கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் 50 கேபிக்குக் கீழே இவை கூட்டமாக நிற்கும். ஆனால் கண்ணால் பார்க்காமல் மொத்தமாக அழிக்க வேண்டாம், பழைய போன் படம் ஒன்று அந்த அளவில் ஒளிந்திருக்கக்கூடும்.

கையில் வந்தது அசலா, சுருக்கப்பட்டதா என்று அடுத்துப் பாருங்கள். 12 மெகாபிக்ஸல் போன் எடுக்கும் முழுப் படம் 4032க்கு 3024 புள்ளிகள் இருக்கும். ஐபோனின் மெயில் செயலி படத்தை அனுப்பும்போது ஸ்மால், மீடியம், லார்ஜ், ஆக்சுவல் சைஸ் என்று கேட்கும். இணைய வேகம் குறைவு என்று மீடியத்தை அழுத்திப் பழகியவர்கள் ஏராளம், அதில் வருவது 640 புள்ளி அகலம்தான். 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும், 640 புள்ளிப் படம் அந்தத் தரத்தில் இரண்டு அங்குலத்துக்குத்தான் தாங்கும். படத்தைப் பெரிதாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இருக்கின்றன. அவை இல்லாத விவரத்தை ஊகித்து வரைபவை. குடும்ப முகங்களுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன், கூர்மையாக வரும், ஆனால் அது அவர்கள் முகமாக இருக்காது. முக்கியமான படங்கள் சிறிதாக வந்திருந்தால் அசலைக் கேட்டு வாங்குவது ஒன்றே வழி.

இனி தேதி. ஒரு படத்துக்கு நான்கு தேதிகள் இருக்கலாம், நான்கும் ஒரே தரத்தவை அல்ல. படக் கோப்புக்குள் போன் எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் உள்ள, படம் எடுத்த நேரம்தான் நம்பத்தக்கது. விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் "டேட் டேக்கன்" என்று இது தெரியும். நீங்கள் பார்த்த இன்றைய தேதி, கோப்பு உங்கள் கணினியில் எழுதப்பட்ட நேரம். அது எதற்கும் உதவாது. மெயிலின் தேதி ஒரு வரம்பு மட்டும்: படம் அதற்குப் பிறகு எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பது உறுதி, எவ்வளவு முன்பு என்பது அதிலிருந்து தெரியாது. நான்காவது, கோப்பின் பெயரிலேயே இருக்கும் தேதி. சாம்சங் போன்களில் 20190823_183022 என்பது போல ஆண்டு, மாதம், நாள், நேரம் வரும், இது பெரும்பாலும் சரி. கூகுள் பிக்ஸல் போன்களில் பிஎக்ஸ்எல் என்று தொடங்கும் பெயரில் உள்ள நேரம் இந்திய நேரம் அல்ல, உலகப் பொது நேரம். நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அதிகாலை 4 மணி முகூர்த்தத்தில் எடுத்த தாலி கட்டும் படம், பெயரில் முந்தைய நாள் இரவு பத்தரை என்று இருக்கும். பெயரை நம்பி அடுக்கினால் கல்யாணம் வரவேற்புக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பெயரில் டபிள்யூஏ என்ற எழுத்துகள் இருந்தால் அது வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம். அதில் எக்ஸிஃப் தேதி நீக்கப்பட்டிருக்கும், பெயரில் இருப்பது வாட்ஸ்அப்பில் பரிமாறிய நாள், எடுத்த நாள் அல்ல.

எக்ஸிஃப் தேதியும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. ஆல்பத்தில் இருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தால், தேதி 2018 என்றுதான் காட்டும், தாத்தாவின் கல்யாணம் 1961ல் நடந்திருந்தாலும். இவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடுங்கள். வெளிநாட்டில் எடுத்த படத்தில் அந்த ஊர் நேரம்தான் பதிவாகும், அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்புக்கு எக்ஸிஃபில் 2016 வரை இடமே இல்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நாள் வாரியாக அடுக்குபவருக்கு இது பெரிய தொல்லை இல்லை, நள்ளிரவை ஒட்டிய படங்களில் மட்டும் கவனம் போதும். இடத் தகவல் சில படங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி இல்லாத செயலிக்குப் படத்தைக் கொடுக்கும்போது போன் இடத் தகவலை மறைத்துவிடும். ஐபோனிலும் பகிரும்போது அதை அணைக்கலாம். வரவில்லை என்றால் கோப்பு பழுது என்று நினைக்க வேண்டாம்.

அடுக்குவதற்கு டிஜிகாம் என்ற இலவச மென்பொருள் ஒன்றே போதும் என்பது என் கருத்து. துணை ஃபோல்டர்கள் எல்லாவற்றிலும் உள்ள படங்களை ஒன்றாகக் காட்டும், எக்ஸிஃப் தேதியைக் கொண்டு மொத்தமாகப் பெயர் மாற்றும், தவறான தேதியைத் திருத்தும், ஒத்த படங்களைக் கண்டுபிடிக்கும். பெயர் மாற்றும் முன் எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டாதீர்கள். ஐபோன் படங்களின் எண் 9999ஐத் தொட்டதும் மறுபடி 0001ல் தொடங்கும். இரண்டு பேரின் ஐபோனிலும் 0412 என்ற எண்ணில் வெவ்வேறு படங்கள் இருக்கும். விண்டோஸ் "ரீப்ளேஸ்" செய்யவா என்று கேட்கும்போது ஆமாம் என்றால் ஒன்று போயிற்று. டிஜிகாமில் பெயரை 2019-08-23_1830_0412 என்ற வடிவில் மாற்றுங்கள்: ஆண்டு, மாதம், நாள், பிறகு மணி, கடைசியில் பழைய எண். ஆண்டு முதலில் வந்தால்தான் பெயர் வரிசையே கால வரிசையாகும். 23-08-2019 என்று நம் வழக்கப்படி எழுதினால் எல்லா மாதங்களின் 23ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். பழைய எண்ணை விடாமல் வைத்திருந்தால், "அந்தப் படத்தின் அசலை அனுப்பு" என்று கேட்கும்போது அவர் தன் போனில் தேட அதுவே துப்பு.

ஃபோல்டர்களை ஆண்டு, அதற்குள் நிகழ்ச்சி என்று இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள். 2019, அதற்குள் 2019-08 கும்பகோணம் கிரகப்பிரவேசம். அனுப்பியவர் பெயரில் ஃபோல்டர் வேண்டாம். ஒரே கல்யாணத்தை நான்கு பேர் எடுத்திருப்பார்கள், நான்கு இடத்தில் கிடக்கும். பெயரில் தமிழ் எழுத்து தாராளமாக வைக்கலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. லினக்ஸில் இயங்கும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளில் பெயரின் வரம்பு பெரும்பாலும் 255 பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும். கொ, கோ போன்ற எழுத்துகளுக்கு இரண்டு குறியீடுகள் என்பதால் நீளமான பெயர்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வரம்பைத் தொடும். மேக்கிலிருந்து வந்த பெயர்களில் கொவின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகப் பிரிந்திருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தும், விண்டோஸில் தேடினால் சிக்காது. அந்த மாதிரிப் பெயரை ஒருமுறை அழித்துத் திரும்பத் தட்டினால் சரியாகும்.

மெயிலில் இருந்த அந்த ஒற்றை வரிக் குறிப்பைப் படத்துக்குள் ஏற்றுவதுதான் இந்த வேலையில் மிகுந்த பயனுள்ளது, பலர் சலித்துக் கைவிடுவதும் இதைத்தான். ஏற்றுமதி செய்த மெயில் பக்கத்தை ஒரு பக்கம் திறந்துவைத்து, டிஜிகாமின் தலைப்புப் பெட்டியில் யார், எங்கே, என்ன விசேஷம் என்று தமிழிலேயே எழுதுங்கள். அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், குறிப்புகளைக் கோப்புக்குள் எழுதும் தேர்வும் எக்ஸ்எம்பி தேர்வும் இயங்குகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸிஃபின் பழைய விவரப் புலம் ஆங்கில எழுத்துகளுக்கு வகுத்தது, தமிழ் அதில் கேள்விக்குறிகளாகக்கூடும். எக்ஸ்எம்பி என்பது கோப்புக்குள் குறிப்பு எழுதும் இன்னொரு முறை, அது யூனிகோடில் எழுதுவதால் தமிழ் சிதையாது. கூகுள் போட்டோஸில் எழுதும் விளக்கம் படக் கோப்புக்குள் போவதில்லை. பின்னாளில் டேக்அவுட் வழியாக எடுத்தால் தனிக் கோப்பாகத்தான் வரும். எல்லாப் படத்துக்கும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று படங்களுக்கு முழுதாக எழுதுங்கள், மற்றவற்றுக்கு ஃபோல்டர் பெயரே போதும். தேதி தெரியாத பழைய படங்களுக்கு ஆண்டைத் தோராயமாக வைத்து, குறிப்பிலும் "தோராயம்" என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஊகம் சில வருடத்தில் உண்மையாகிவிடும்.

ஒரே படம் திரும்பத் திரும்ப வந்திருக்கும், ஃபார்வேர்டு செய்த மெயில் ஒவ்வொன்றும் இணைப்பையும் இழுத்துக்கொண்டு வரும் என்பதால். அச்சு அசலான நகல்களை எந்த மென்பொருளும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும், அவற்றைத் தயங்காமல் நீக்கலாம். ஒத்திருக்கும் படங்கள் என்று காட்டுபவை வேறு. சுருக்கிய நகலும் அசலும் அதில் வரும், அடுத்தடுத்த நொடியில் எடுத்த இரண்டு குழுப் படங்களும் வரும். அந்த இரண்டில் ஒன்றில்தான் எல்லோரும் கண் திறந்திருப்பார்கள். தானாக அழிக்கும் தேர்வை அணைத்துவிட்டு, நீங்களே பாருங்கள். புள்ளிகள் அதிகமுள்ளதையும் எக்ஸிஃப் தேதி உள்ளதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சில கோப்புகள் ஹெச்இஐசி என்ற வகையில் இருந்து திறக்க மறுக்கலாம். 2017ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படத்தை இந்த வடிவில் சேமிக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹெச்இஐஎஃப் நீட்சி இலவசம், அதோடு தேவைப்படும் ஹெச்இவிசி நீட்சிக்குச் சிறு கட்டணம் உண்டு. எல்லாவற்றையும் ஜேபெக்காக மாற்ற வேண்டியதில்லை. அசலை அப்படியே வைத்து, பிரிண்டுக்கோ பகிரவோ வேண்டியதை மட்டும் நகலெடுத்து மாற்றுங்கள். ஒவ்வொரு முறை ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் தரம் கொஞ்சம் கழியும்.

இனி வரப்போகும் படங்களுக்கு உறவினர்களிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: ஆக்சுவல் சைஸில் அனுப்புங்கள், எங்கே எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்தாறு படங்களுக்கு மேல் இருந்தால் டிரைவ் சுட்டி அனுப்பட்டும், நீங்கள் அதே வாரம் இறக்கிவிடுங்கள். ஜிமெயிலில் ஜேபெக் படங்களுக்கு மேல் தெரியும் "சேவ் டு போட்டோஸ்" பொத்தான் வசதியாகத் தெரிந்தாலும் உங்கள் நிலைமையில் அதைத் தொடாதீர்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றுபவையும் அந்தக் கணக்கில் சேருவதால், ஒரே படம் இரண்டு இடத்தை அடைக்கும்.

அழிக்கும் முன், அடுக்கிய படங்களும் எம்பாக்ஸ் கோப்பும் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என்று மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். வெளியே என்பது வேறு கிளவுட் கணக்காகவோ, மகள் வீட்டில் வைத்த இன்னொரு டிஸ்க்காகவோ இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு வருட ஃபோல்டரிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். ஏற்றுமதியான மெயில்களின் எண்ணிக்கையை ஜிமெயில் லேபிளோடு ஒப்பிடும்போது, ஜிமெயில் ஒரே தொடரின் மெயில்களை ஒன்றாக எண்ணும் என்பதை நினைவில் வையுங்கள். எண்கள் பொருந்தாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், அமைப்புகளில் கான்வர்சேஷன் வியூவை அணைத்துவிட்டுப் பார்த்தால் கணக்கு தெளியும். எண்ணிக்கை ஒத்துப்போனதும் லேபிளில் உள்ளவற்றை மிகப் பழைய வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமாக அழியுங்கள். அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதுவரை இடம் விடுபடாது. அவசரம் இல்லையென்றால் தொட்டியை நீங்களாகக் காலி செய்யாமல் அந்த 30 நாளை ஓட விடுங்கள், விட்டுப்போன படம் ஏதாவது நினைவுக்கு வந்தால் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம்.